எடை கூடிய பிறகு ஆணுறுப்பு சிறியதாகத் தெரிகிறது: உண்மையிலேயே சுருங்குமா?

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட் (கேள்வி)

வயது 36, உயரம் 168 செ.மீ., எடை 102 கிலோ. எடை ஏற ஏற ஆணுறுப்பு உள்ளே போய்க்கொண்டே இருப்பதுபோல் தெரிகிறது. நின்று குனிந்தால் வயிறுதான் கண்ணில் படுகிறது. சாதாரண நிலையில் நுனி மட்டும் வெளியே இருக்கிறது. சிறுநீர் கழித்துவிட்டு வந்தால் உள்ளாடை நனைந்துவிடுகிறது. தொடை இடுக்கிலும் முன்தோலிலும் அரிப்பு உண்டு. வீட்டில் பெண் பார்க்கிறார்கள், நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

இது நிஜமாகவே சுருங்குகிறதா? எடை குறைத்தால் திரும்ப வருமா? பம்ப், தைலம், ஊசி என்று விளம்பரங்கள் வருகின்றனவே, அதில் ஏதாவது பயன்படுமா? யாரிடம் போய்க் காட்டுவது என்றுகூடத் தெரியவில்லை.

---

யூரோ_கீழ்ப்பாக்கம்

சுருங்கவில்லை, மூடப்பட்டிருக்கிறது. சிகிச்சையே இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மாறும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தொப்புளுக்கு நேர் கீழே, முடி வளரும் மேட்டில் விரலை வைத்து அழுத்துங்கள். உள்ளே ஒரு எலும்பு தட்டுப்படும். ஆணுறுப்பு அந்த எலும்போடு ஒரு தசைநாரால் பிணைக்கப்பட்டிருக்கிறது. அதன் வேர்ப்பகுதி இன்னும் உள்ளே போய் இடுப்பெலும்பில் ஒட்டியிருக்கும். எடை கூடும்போது இந்தப் பிணைப்பு நகராது. எலும்புக்கு முன்னால் உள்ள கொழுப்பு மேடுதான் தடிக்கிறது, மேலிருந்து தொப்பையும் அதன்மேல் சரிகிறது. கடற்கரையில் நட்ட கம்பைச் சுற்றி மணல் ஏறினால் கம்பு குட்டையாகத் தெரியும் அல்லவா, அந்த மாதிரிதான்.

வீட்டிலேயே சரிபார்க்கலாம். நின்றுகொண்டு, கெட்டியான ஸ்கேலை உறுப்பின் மேல்பக்கம் வைத்து, அதன் முனை எலும்பில் முட்டும்வரை கொழுப்பை அழுத்துங்கள். விறைக்காத நிலையில் என்றால் உறுப்பின் தலைப்பகுதியான மொட்டைப் பிடித்து, வலிக்காத அளவுக்கு நேராக இழுத்து, மொட்டின் நுனிவரை அளக்க வேண்டும். முன்தோல் நீளத்தைச் சேர்க்கக் கூடாது. பிறகு அழுத்தாமல், தோலில் இருந்தே ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொழுப்புக்குள் மறைந்திருக்கும் நீளம்.

ஒப்பிட ஓர் அளவு வேண்டுமென்றால், 2015இல் பிஜேயூ இன்டர்நேஷனல் என்ற யூராலஜி (சிறுநீர்ப்பாதை மருத்துவம்) இதழில் 15,521 ஆண்களின் அளவுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். எல்லாமே மருத்துவப் பணியாளர்கள் அளந்தவை. இழுத்த நிலையில் சராசரி 13.24 செ.மீ., விறைப்பில் 13.12 செ.மீ., சாதாரண நிலையில் 9.16 செ.மீ. இதில் சாதாரண நிலை அளவை வைத்து யாரும் கவலைப்பட வேண்டாம். குளிர், பதற்றம், அப்போதுதான் குளித்து வந்தது என்று எல்லாவற்றுக்கும் அது மாறும். ஏசி அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு ஒரு அளவு, வெயிலில் நடந்துவந்தவருக்கு வேறு அளவு.

"இத்தனை கிலோ குறைத்தால் ஒரு அங்குலம் வெளியே வரும்" என்று இணையத்தில் ஒரு கணக்கு சுற்றுகிறது. அப்படி ஒரு நிலையான விகிதம் கிடையாது. சிலருக்கு முதலில் முகமும் மேல்வயிறும் வற்றும், அடிவயிற்று மேடு கடைசியில்தான் குறையும். அந்த இடத்துக்கு மட்டும் பயிற்சி செய்து கொழுப்பைக் கரைக்கவும் முடியாது.

சிறுநீர் நனைவதற்கும் இதுதான் காரணம். நுனி தோலுக்குள் இருப்பதால் கடைசிச் சொட்டுகள் மடிப்பிலேயே தேங்கி, நடக்கும்போது வெளியே வருகின்றன. இப்படிச் செய்து பாருங்கள்: ஒரு உள்ளங்கையால் அந்த மேட்டை எலும்பை நோக்கி அழுத்தி, மறு கையால் முன்தோலைப் பின்னே இழுத்து மொட்டு வெளியே தெரிய வைத்து சிறுநீர் கழியுங்கள். முடிந்ததும் விதைப்பைக்குப் பின்னால், ஆசனவாய்க்கு முன்னால் உள்ள மெத்தென்ற இடத்தில் விரலால் அழுத்தி முன்னோக்கி நீவினால் குழாயில் தங்கிய சிறுநீர் வந்துவிடும். ஒரு டிஷ்யூவால் ஒற்றியெடுங்கள், தேய்க்க வேண்டாம். முன்தோலை மறக்காமல் முன்னே கொண்டுவந்து விடுங்கள். பின்னேயே விட்டால் மொட்டுக்குக் கீழே இறுகி வீங்கும். திரும்ப வராமல் மாட்டிக்கொண்டால் அது அவசர சிகிச்சைக்குரிய விஷயம், காலை வரை காத்திருக்கக் கூடாது. தாரை சிதறுகிறது என்றால் உட்கார்ந்தே போகலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை.

தாரை மெலிந்துபோனாலும், முக்கித்தான் போக வேண்டியிருந்தாலும், முன்தோல் பின்னே வரவே மறுத்தாலும் அது வெறும் கொழுப்பு விஷயம் அல்ல, நேரில் காட்ட வேண்டும். விதைப்பை ஒரு பக்கம் மட்டும் பெரிதானால் விரைவீக்கமோ குடலிறக்கமோ இருக்கலாம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றால் அது நீர் கோத்த வீக்கம், இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். "குண்டானதால்தான்" என்று இவற்றை விட்டுவிடாதீர்கள்.

---

மருந்துக்கடை_மயிலை

அரிப்பைப் பற்றி யூரோ சார் தொடவில்லை, நான் சொல்கிறேன். நம்ம ஊர் புழுக்கத்தில் இந்த எடையில் தொடை இடுக்கு, அடிவயிற்று மடிப்பு, விதைப்பையின் ஓரம் எல்லாம் நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும். படர்தாமரை வராமல் இருந்தால்தான் அதிசயம்.

கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது மூன்று மருந்து, நான்கு மருந்து கலந்த அந்த ட்யூபைத்தான். அதில் பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசால் மாதிரி கடுமையான ஸ்டீராய்டும் இருக்கும். ரெண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும், குணமாகிவிட்டது என்று நிறுத்துவார்கள். ஆனால் ஸ்டீராய்டு அரிப்பைத்தான் அடக்குகிறது. தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்குவதால் பூஞ்சை உள்ளே பரவி, வட்டத்துக்குள் வட்டமாகத் திரும்ப வரும். தொடை இடுக்குத் தோல் மெல்லியது. தொடர்ந்து போட்டால் பிரசவத் தழும்பு மாதிரி நிரந்தரக் கோடு விழும். தயவுசெய்து அதை வாங்காதீர்கள், வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

வெறும் க்ளோட்ரிமசோல் 1 சதவீத க்ரீம், காலை ஒருமுறை இரவு ஒருமுறை, மெல்லிய பூச்சாக. திட்டின் விளிம்பில் நிறுத்தாமல் இரண்டு விரல் அகலம் வெளியேயும் தடவ வேண்டும். குறைந்தது 2 முதல் 4 வாரம். அரிப்பு நின்ற பிறகும் நிறுத்தாதீர்கள். அடங்காவிட்டால் தோல் மருத்துவர்தான், உள்ளே சாப்பிடும் மாத்திரை தேவைப்படலாம்.

அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள். கயிற்றுக்கு அடியில் கறுத்த பட்டையாகப் பூஞ்சை உட்கார்ந்திருக்கும். மருந்தெல்லாம் கீழே போட்டுக்கொண்டிருக்க, ஈரக் கயிற்றிலிருந்து அது திரும்பத் திரும்ப இறங்கும். குணமாகும்வரை கயிறு வேண்டாம், கட்டியே ஆக வேண்டுமென்றால் புதிதாக மாற்றி, குளித்ததும் துடைத்து உலர்த்துங்கள். ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி உள்ளாடை, வியர்த்தால் ஆபீஸிலேயே மாற்ற ஒன்று கூடுதலாகப் பையில் இருக்கட்டும். முன்தோலைத் தினம் பின்னே தள்ளி வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்தால் போதும். கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீரில் கலந்து கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள், தோல் வெந்துபோய் வருகிறார்கள். முடியை மழிக்காமல் கத்தரியால் குட்டையாக்குவது நல்லது.

முக்கியமானது ஒன்று. முன்தோலின் விளிம்பில் சின்னச் சின்ன வெடிப்பு, பின்னே தள்ளும்போது எரிச்சல், வெள்ளையாகப் படிவது இருந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். தனக்குச் சர்க்கரை இருப்பதே பலருக்கு இந்த வெடிப்பை வைத்துத்தான் தெரியவருகிறது. வெறும் வயிற்றில் 126 அல்லது மேல், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 6.5 அல்லது மேல் என்றால் சர்க்கரை நோய். 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய கட்டம். சிறுநீரில் சர்க்கரை போய்க்கொண்டிருக்கும்வரை எந்த க்ரீமும் நிலைக்காது.

---

யூரோ_கீழ்ப்பாக்கம்

மயிலை நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முன்தோலிலோ மொட்டிலோ வெளுத்து, பளபளப்பாக, காகிதம் மாதிரி சுருங்கிய திட்டு இருந்தால் அது பூஞ்சை அல்ல. லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்று ஒரு தோல் நோய் உண்டு. உறுப்பு ஈரத்திலேயே புதைந்திருப்பவர்களுக்கு இது அதிகம் வரும். முன்தோலை ஒட்ட வைக்கும், சிறுநீர்த் துளையை இறுக்கும். பல வருடம் கவனிக்காமல் விட்டால் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது. இதற்கு அதே க்ளோபெட்டசால்தான் சரியான மருந்து. பூஞ்சையைக் கெடுக்கும் மருந்தே இங்கே குணப்படுத்துகிறது. அதனால்தான் எது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய ஒரு மருத்துவர் வேண்டும் என்கிறேன்.

விளம்பரங்கள் பற்றிக் கேட்டீர்கள். தைலம் எதுவும் நீளத்தைக் கூட்டாது. "மூலிகை" கேப்ஸ்யூல்களில் விறைப்புக்கான மருந்தான சில்டெனாஃபில் கலந்திருப்பது பலமுறை பிடிபட்ட விஷயம். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் தெரியாமல் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கும். வேக்யூம் பம்ப் விறைப்புக் குறைவுக்கான கருவி, நிரந்தரமாக நீளம் தராது. தசைநாரை வெட்டி நீளமாக்கும் அறுவை சிகிச்சையில் வெளியே தெரியும் நீளம் கொஞ்சம் கூடலாம். பதிலுக்கு விறைப்பில் உறுப்பு மேல்நோக்கி நிற்காமல் ஆடும், வெட்டிய இடம் திரும்ப ஒட்டி முன்பைவிடக் குட்டையாவதும் உண்டு. உங்களுக்குக் குறை தசைநாரில் இல்லை, அதை வெட்ட வேண்டியதும் இல்லை.

டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கொழுப்பில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அதனால் எடை கூடியவர்களுக்கு ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைந்து காட்டுவது வழக்கம். எடை இறங்கினால் பெரும்பாலும் அதுவே ஏறும். வெளியிலிருந்து ஊசி போட்டால் மூளை விதைகளுக்குக் கொடுக்கும் கட்டளை நின்று, விந்தணு உற்பத்தி படுத்துவிடும். கல்யாணம் பேசும் வயதில் இதைப் போட்டுக்கொண்டு, குழந்தைக்காக அலைவது எத்தனை பெரிய கொடுமை! பரிசோதிப்பதானால் வெறும் வயிற்றில், காலை 7 முதல் 10 மணிக்குள், வேறு வேறு நாளில் இரண்டு முறை. நைட் ஷிஃப்ட்காரர் என்றால் நன்றாகத் தூங்கி எழுந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுங்கள். விடிய விடிய வேலை பார்த்துவிட்டு லேபுக்குப் போனால் அளவு பொய்யாகக் குறைந்துதான் வரும். குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சடைப்பும் இதே வேலையைச் செய்யும்.

---

ஓஎம்ஆர்_நைட்ஷிஃப்ட்

மிக்க நன்றி சார். ஸ்கேல் வைத்து அளந்தேன், அழுத்தினால் 12.5, அழுத்தாமல் 8. மனசு கொஞ்சம் லேசானது. ஆனாலும் கண்ணாடியில் பார்த்தால் பழைய எண்ணம்தான் வருகிறது. கல்யாணத்துக்குப் பிறகு தாம்பத்யத்துக்குத் தடையாக இருக்குமா?

---

அயனாவரம்_ஆலோசகர்

தம்பி, 4.5 செ.மீ. கொழுப்புக்குள் இருக்கிறது. மற்றபடி உங்கள் அளவு சராசரிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் எண் தெரிந்தவுடன் எண்ணம் மாறிவிடாது என்று நீங்களே சொல்கிறீர்கள், அது இயல்புதான்.

முதலில் பார்க்கும் கோணம். மேலிருந்து கீழே பார்க்கும்போது எல்லா ஆண்களுக்கும் தன்னுடையது குட்டையாகத்தான் தெரியும். எதிரே நிற்கும் இன்னொருவரை நாம் பார்ப்பது வேறு கோணம். உடல் தெரியும் கண்ணாடியில், பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஆபாசப் படங்களை அளவுகோலாக வைக்கவே கூடாது. அதில் வருபவர்கள் அளவுக்காகப் பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள், கேமராவும் அதற்கேற்ற இடத்தில்தான் நிற்கும்.

நான் இதைவிடக் கவலைப்படுவது நீங்கள் தவிர்க்கும் விஷயங்களைப் பற்றித்தான். பொதுக் கழிப்பறையில் கதவுள்ள அறைக்காகக் காத்திருப்பது, ஜிம்முக்கும் நீச்சலுக்கும் போகாதது, டாக்டரிடம் சட்டையைக் கூடத் தூக்கிக் காட்டத் தயங்குவது, பெண் பார்க்கும் பேச்சைத் தள்ளுவது. ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு நிம்மதி தரும், அடுத்த முறை இன்னும் கடினமாக்கும். உடற்பயிற்சியைக் கூச்சத்தால் விட்டால் எடையும் ஏறும். ஒரு தாளில் தவிர்ப்பவற்றை எழுதி, ஆகச் சுலபமானதிலிருந்து வாரத்துக்கு ஒன்றாகச் செய்யத் தொடங்குங்கள். அளப்பதையும் இத்தோடு நிறுத்துங்கள். தினம் அளப்பது, தடவிப் பார்ப்பது எல்லாம் சந்தேகத்தை வளர்க்கும். நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதே நினைப்பு ஓடினால், அளவு சாதாரணம் என்று தெரிந்தும் நம்ப முடியாவிட்டால், அது உருவக் கவலை நோயாக இருக்கலாம். அதற்கு மனநல ஆலோசகரோடு பேசிச் செய்யும் சிகிச்சையும் மாத்திரையும் நன்றாகவே வேலை செய்கின்றன. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே, எந்த நேரமும், பெயர் சொல்லாமல் பேசலாம்.

தாம்பத்யம் பற்றி: தடை பெரும்பாலும் நீளத்தால் வருவதில்லை, குறுக்கே வரும் வயிற்றால் வருகிறது. மனைவியின் இடுப்புக்கு அடியில் ஒரு தலையணை, அல்லது மனைவி மேலே இருப்பது, இரண்டில் ஒன்றே பலருக்குப் போதும். ஆணுறை போடும்போது மேட்டை ஒரு கையால் பின்னே அழுத்தி, அடிவரை உருட்டிவிட வேண்டும். பாதியில் நின்றால் கொழுப்பு முன்னே வரும்போது ஆணுறை கழன்றுவிடும்.

---

அளவுசாப்பாடு

எடையைக் குறைப்பது எப்படி என்று யாரும் இன்னும் பேசவில்லை. உங்கள் பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் குறியீடு) 36. இந்தியர்களுக்கு 23க்கு மேல் கூடுதல் எடை, 25க்கு மேல் உடல் பருமன், ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இடுப்பு என்றதும் பேண்ட் சைஸைச் சொல்லாதீர்கள். தொப்பைக்குக் கீழே 36 போடுகிறவருக்குத் தொப்பையில் 44 இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் டேப் வைத்து அளங்கள்.

முதல் இலக்கு 5 முதல் 10 கிலோ. அதற்கே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கண்ணுக்குத் தெரிந்து இறங்கும். விறைப்புக்கும் இதில் பங்கு உண்டு, ஏனென்றால் விறைப்பு என்பது ரத்தக் குழாய் விரிவது. 2004இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த இத்தாலிய ஆய்வில், விறைப்புக் குறைவு உள்ள 110 பருமனான ஆண்களில் பாதிப் பேருக்கு இரண்டு வருடம் உணவு, நடை பற்றி விரிவான வழிகாட்டல் கொடுத்தார்கள். சராசரியாக 15 கிலோ இறங்கியது. அந்த 55 பேரில் 17 பேருக்கு இயல்பு நிலை திரும்பியது, மற்ற பாதியில் 3 பேருக்குத்தான்.

நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ போல இறங்கும். இரவு வேலைக்காரர்களுக்கு அந்த 500 எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், ஷிஃப்ட் நடுவில் சாப்பிடும் பரோட்டாவிலும், தூக்கம் வராமல் இருக்கக் குடிக்கும் காபி, டீயிலும்தான். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஐந்து டம்ளரில் சர்க்கரை மட்டும் 160 கலோரிக்கு மேல். சர்க்கரையை முழுதாக நிறுத்துங்கள். 100 கிராம் சாதம் 130 கலோரி போல, தட்டில் குவித்தால் 400 கிராம் சுலபமாக ஏறிவிடும். ஒரு கப் அளவில் நிறுத்தி, அதே அளவு கூட்டோ பொரியலோ, கூடவே இரண்டு முட்டை அல்லது ஒரு கப் சுண்டல் எடுத்தால் பசி தாங்கும். தாளிப்பு எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி, அதனால் பாட்டிலைச் சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். விடிகாலை வீடு வந்ததும் வயிறு முட்ட டிபன் சாப்பிட்டுப் படுப்பதை விடுங்கள்.

நடை 45 நிமிடம், வாரம் ஐந்து நாள். தொடை உரசுவதுதான் இந்த எடையில் பலரை நடையிலிருந்து துரத்துகிறது. முழங்கால் வரை வரும் இறுக்கமான ஷார்ட்ஸை உள்ளே போட்டு, தொடையில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டு போங்கள். பெசன்ட் நகர் கடற்கரையின் மணலில் ஆரம்பத்திலேயே இறங்க வேண்டாம், முட்டி வாங்கிவிடும். சாலையோர நடைபாதையில் தொடங்குங்கள். வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.

---

தாம்பரம்_வாசகர்

இடையில் ஒரு கேள்வி. எடை நிறையக் குறைந்த பிறகும் அடிவயிற்றுத் தோல் தொங்கி, உறுப்பு வெளியே வராமலே இருந்தால் வழி உண்டா? சுன்னத் செய்தால் சரியாகும் என்கிறார்களே?

---

யூரோ_கீழ்ப்பாக்கம்

அவசரப்பட்டு சுன்னத் செய்யக் கூடாது. புதைந்த உறுப்பில் முன்தோலை எடுத்தால், மிச்சத் தோல் முன்னால் வளையமாக இறுகித் தழும்பாகி, உறுப்பு உள்ளேயே சிறைப்பட்டுவிடும். பிறகு சரிசெய்யும்போது தண்டை மூடத் தோல் போதாமல் தொடையிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டிவரும்.

வழி உண்டு. தோல் இறுக்கமாக இருந்து கொழுப்பு மட்டும் மிச்சம் என்றால் உறிஞ்சி எடுக்கலாம். தோல் தொங்கினால் அந்த மேட்டைத் தோலோடு வெட்டியெடுத்து, மிச்சத்தை எலும்பின் உறையோடு தைத்து நிறுத்துவார்கள். யூராலஜியும் பிளாஸ்டிக் சர்ஜரியும் சேர்ந்து செய்யும் வேலை இது. அதற்கு முன் எடை ஆறு மாதமாவது ஒரே நிலையில் நின்றிருக்க வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், சிகரெட்டைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இந்த இடத்தில் காயம் பிரிவதும் சீழ் பிடிப்பதும் நீர் தேங்குவதும் சகஜம். அதிக எடையோடு செய்தால் இன்னும் கூடும்.

கேள்வி கேட்டவருக்கு: சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மூன்றிலும் யூராலஜி உண்டு. காலையிலேயே போய்விடுங்கள். ஓபி சீட்டுப் போடும் இடத்தில் விவரம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, "சிறுநீர் சொட்டுகிறது, யூராலஜி" என்றால் போதும். மீதியை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள், கூச்சமாக இருந்தால் இங்கே எழுதிய கேள்வியையே ஒரு தாளில் எழுதி நீட்டிவிடுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, கொழுப்பு அளவு, ரத்த அழுத்தம் நான்கையும் முன்கூட்டியே பார்த்து ரிப்போர்ட்டோடு போனால் ஒரு நடை மிச்சம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து க்ரீம் எதுவும் தடவாதீர்கள், திட்டு எது என்று அப்போதுதான் சரியாகத் தெரியும்.